ஸ்டீயரிங் பாக்ஸ் மாற்றினால் ஆட்டம் போய்விடுமா?

2003 மாடல் டாடா 1613 லாரி, பவர் ஸ்டீயரிங். ஸ்டீயரிங் வீலில் ஒரு சாண் ஆட்டம், அதாவது அவ்வளவு தூரம் திருப்பியும் டயர் அசைவதில்லை. டிராப் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து தொங்கி, சக்கரத்தைத் திருப்பும் கை) பக்கம் ஆயில் கசிகிறது. மெக்கானிக் பாக்ஸையே மாற்றிவிடலாம் என்கிறார். புதுசு வாங்குவதா, ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்து புதுப்பித்தது) வாங்குவதா, சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட் கடைகளில் கழற்றிய பாக்ஸ் பார்ப்பதா, சொந்த ஷெட்டிலேயே மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவும் கேட்டாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பாக்ஸை மாற்றினால் ஆட்டம் போய்விடுமா? போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆட்டம் பாக்ஸுக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். லாரி ஸ்டீயரிங் வேலையே பார்த்து வருபவன் என்ற முறையில், எது நிச்சயம், எது வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தை அளக்கும் விதம். இன்ஜினை நிறுத்திவிட்டு வீலை ஆட்டிப் பார்த்து அளக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங்கில் அது தப்பான அளவு. பாக்ஸின் தலையில் உள்ள வால்வுக்குள் ஒரு முறுக்குக் கம்பி, டார்ஷன் பார், இருக்கிறது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது அந்தக் கம்பி முறுகி, வால்வு தன் எல்லையைத் தொட்ட பிறகுதான் கியர் நகரும். அந்தச் சில டிகிரியும் ஆட்டம் போலவே கையில் தெரியும். அதனால் வண்டி சமதரையில், முன் சக்கரம் நேராக, டயர் தரையில் இருக்க, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அளக்க வேண்டும். வீலின் விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேராக டேஷ்போர்டில் ஒரு கோடு. முன் டயர் அசையத் தொடங்கும்வரை இடமும் வலமும் விரலால் தள்ளிப் பார்த்து, மொத்தத் தூரத்தை எடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 98 அனுமதிக்கும் உச்ச எல்லை 30 டிகிரி. 50 செ.மீ. விட்டமுள்ள வீலில் அது விளிம்பில் ஏறக்குறைய 13 செ.மீ. வரும். ஒரு சாண் என்றால் 50 டிகிரியைத் தொடுகிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு மட்டுமல்ல, லோடு ஏற்றி ஓட்டுவதற்கே அந்த வண்டி இப்போது தகுதியில்லை. சரிசெய்யும்வரை நிறுத்தி வையுங்கள்.

அடுத்து, ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுவது. ஒருவர் வீலை சிறிது சிறிதாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் பின் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டபின் கீழே போக வேண்டும். மேலிருந்து வரிசையாகக் கையை வைத்துக்கொண்டே வாருங்கள். வீலிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் காலம் ஷாஃப்டின் யூஜே (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸில் ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் தாமதமாகத் திரும்பினால் கிராஸ் போயிருக்கிறது. யூஜே நுகம் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பல்லின் மேல் நழுவினால் பிஞ்ச் போல்ட் தளர்ந்திருக்கிறது. இன்புட் ஷாஃப்ட் திரும்பியும் டிராப் ஆர்ம் நகராமல் நின்றால்தான் குற்றம் பாக்ஸுக்குள். டிராப் ஆர்ம் நகர்ந்தும் டிராக் லிங்க் (ஆர்மின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) நகரவில்லை என்றால் இரண்டும் சேரும் பால் ஜாயின்ட். பாக்ஸே சேஸிஸின் மேல் அரை மில்லிமீட்டர் அசைகிறதா என்று, பாக்ஸும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால் போல்ட் தளர்ந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். கடைசியாக முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) புஷ்ஷும் ஹப் பேரிங்கும் தெரியும். உதவியாளர் ஃபுட் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின்.

இருபது வருட வண்டியில் ஆட்டம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். கிராஸில் கொஞ்சம், பால் ஜாயின்டில் கொஞ்சம், கிங்பின்னில் கொஞ்சம், பாக்ஸில் கொஞ்சம் என்று நாலு இடத்தில் சேர்ந்துதான் ஒரு சாண் வரும். பாக்ஸை மட்டும் மாற்றினால் அதில் ஒரு பங்குதான் குறையும்.

குற்றம் பாக்ஸில்தான் என்று தெரிந்தாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. வீல் நேராக இருக்கும்போது மட்டும் ஆட்டம், ஒரு சுற்று திருப்பிய பிறகு இல்லை என்றால், செக்டர் ஷாஃப்டுக்கும் (டிராப் ஆர்ம் ஏறியிருக்கும் தண்டு) அதைத் திருப்பும் பால் நட்டுக்கும் நடுவே உள்ள பல் இடைவெளி கூடியிருக்கிறது. பக்கக் கவரின் நடுவில் லாக் நட்டோடு ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருக்கும். டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸ் சரியாக நடுவில் நிற்கும்போது மட்டும், எட்டில் ஒரு சுற்று அளவாக அதை உள்ளே திருகிப் பார்க்கலாம். நடுவில் இல்லாதபோது திருகினால், நடுவுக்கு வரும்போது பல் இறுகிவிடும். வளைவு முடிந்தபின் வீல் தானாகத் திரும்பாது, நேர் ரோட்டில் வண்டி அலையும், நடுப்பற்கள் தேய்ந்து சில மாதத்தில் பாக்ஸ் உண்மையாகவே போய்விடும். ஸ்க்ரூ திருகியும் ஆட்டம் அப்படியே இருந்தாலோ, சில வாரத்தில் திரும்ப வந்தாலோ, உள்ளே தேய்மானம் முற்றிவிட்டது. மேலும் மேலும் திருகுவதில் பயனில்லை.

கசிவையும் இப்படியே சோதிக்க வேண்டும். டீசல் போட்டுத் துடைத்து, காயவிட்டு, இன்ஜினை ஓட்டி இருபுறமும் திருப்பிப் பாருங்கள். மேலே பிரஷர் ஹோஸை பாக்ஸில் மாட்டும் பான்ஜோ போல்ட்டில் கசிந்து வழிந்து, கீழே டிராப் ஆர்மில் சொட்டுவது மிகச் சாதாரணம். இரண்டு காப்பர் வாஷரோடு அது முடிந்துவிடும். உண்மையிலேயே செக்டர் ஷாஃப்ட் சீல்தான் என்றால், டிராப் ஆர்மைப் பிடித்து ஷாஃப்டை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. புது சீல் போட்டாலும் தாங்காது. அசையாமல் சீல் மட்டும் போயிருந்தால், ரிட்டர்ன் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, ஆயில் பாட்டிலின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும் வழி அடைத்தால் அழுத்தம் சீலைத்தான் தள்ளும்.

உங்கள் வண்டியில் ஆட்டமும் கசிவும் ஒரே காரணத்தால் வந்ததா என்பதை எழுத்தில் படித்து யாரும் சொல்ல முடியாது. செக்டர் ஷாஃப்ட் பக்கவாட்டில் அசைகிறதா என்ற ஒரு சோதனை அதைச் சொல்லிவிடும். அசைந்தால் இரண்டுக்கும் காரணம் அதுதான். பாக்ஸ் கழற்றியே ஆக வேண்டும்.

எந்த பாக்ஸ் வாங்குவது? உங்கள் வண்டியின் காலத்து டாடா, லேலண்ட் வண்டிகளில் பெரும்பாலும் ரானே அல்லது இசட்எஃப் பாக்ஸ் இருக்கும். உருவத்தை வைத்து வாங்காதீர்கள். பாக்ஸின் மேல் சிறு உலோகத் தகடு ஒன்று ஆணியடித்திருக்கும். அதில் உள்ள பார்ட் நம்பர், அழுத்த அளவு இரண்டையும் பெயின்டைச் சுரண்டிப் படியுங்கள். வெளியே அச்சு அசலாக ஒன்று போலிருக்கும் பாக்ஸ்களில் சுற்று விகிதம், டிராப் ஆர்ம் பல்லின் அளவு, ஏன், திரும்பும் திசைகூட மாறியிருக்கும். திசை மாறிய பாக்ஸை மாட்டினால் இடது திருப்பினால் வண்டி வலது போகும். கடைக்காரர் 'இது எல்லாத்துக்கும் சேரும்' என்றால் வேறு கடை பாருங்கள்.

என் கருத்து இது: வண்டியை இன்னும் நாலைந்து வருடம் லோடில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் புதுசு. இல்லையென்றால் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் கடையில் ரீகண்டிஷன். அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: சீல் கிட் மட்டும் மாற்றினீர்களா, செக்டர் ஷாஃப்டும் அதன் பேரிங்கும் மாற்றினீர்களா, பெஞ்சில் அழுத்தம் வைத்துச் சோதித்தீர்களா? பல் தேய்ந்த பாக்ஸுக்குப் புது சீலும் புது பெயின்டும் அடித்துத் தருவது ரீகண்டிஷன் ஆகாது. புதுப்பேட்டை பாக்ஸ் வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே வரும் வண்டிகளில் விபத்தில் அடிபட்டவை நிறைய. முன் சக்கரத்தில் விழுந்த அடி நேராக வந்து இறங்குவது செக்டர் ஷாஃப்டில்தான். அப்படி அடிபட்ட ஷாஃப்டின் பற்கள் நேர்கோடாக இல்லாமல் லேசாக முறுகியிருக்கும். கண்ணை ஷாஃப்டின் நீளத்துக்கு இணையாக வைத்துப் பார்த்தால் தெரியும். முறுகல் தெரியாவிட்டாலும் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கக்கூடும், அது கண்ணுக்குத் தெரியாது. வேறு எந்தப் பார்ட்டையும் அங்கே வாங்குங்கள், இதை மட்டும் வேண்டாம். ஹவுசிங்கிலோ டிராப் ஆர்மிலோ வெல்டிங் கண்டால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சொந்த ஷெட்டில் மாற்றலாமா என்றால், கழற்றி மாட்டுவது தாராளமாக முடியும்; இரண்டு பேர், அரை நாள். பாக்ஸைப் பிரித்து உள்வேலை பார்ப்பது மட்டும் வேண்டாம். வால்வின் நடுநிலை பெஞ்சில்தான் அமையும்.

கழற்றும்முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. யூஜேக்கும் இன்புட் ஷாஃப்டுக்கும் குறுக்கே பன்ச்சால் ஒரு புள்ளிக் குறி போடுங்கள். எந்த ஹோஸ் பிரஷர், எது ரிட்டர்ன் என்று துணி கட்டி வையுங்கள். ஹோஸைக் கழற்றிய அடுத்த நிமிடம் இரண்டு முனைகளையும் சுத்தமான பிளக்கால் அடையுங்கள். பஞ்சு, துணி திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும். பிஞ்ச் போல்ட் ஷாஃப்டில் உள்ள பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதை முழுவதும் உருவிய பிறகுதான் நுகம் வரும், தளர்த்திவிட்டு அடித்தால் ஷாஃப்ட்தான் கெடும்.

தகராறு செய்வது டிராப் ஆர்ம். அது டேப்பர் பல்லில் ஏறி, பெரிய நட்டால் இறுகியிருக்கும். ஹைட்ராலிக் புல்லர் போட்டு, நட்டை முழுவதும் கழற்றாமல் நாலு திருகு விட்டுவைத்து இழுங்கள். பிடி விடும்போது ஆர்ம் குண்டு போலப் பாயும். ஷாஃப்டின் முனையில் சம்மட்டியால் அடிக்கவே கூடாது. 'பழைய பாக்ஸ்தானே' என்று அடித்தாலும், எக்ஸ்சேஞ்சில் அந்த பாக்ஸ் திரும்ப எடுக்கப்படாமல் போகும். கேஸ் வெல்டிங் தீயால் ஆர்மைச் சூடாக்குவதும் கூடாது. அது ஃபோர்ஜ் செய்து, பதமேற்றிய இரும்பு. தீ பட்ட இடத்தில் பதம் போய்விடும், அதே ஆர்ம்தான் புது பாக்ஸிலும் ஏறப்போகிறது. புல்லரால் வரவில்லையா, டிராக் லிங்க்கைப் பிரித்துவிட்டு ஆர்மோடு பாக்ஸைக் கீழே இறக்கி, லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து எடுத்துவிடுங்கள். இறக்கும்போது கீழே டிராலி ஜாக்கி வேண்டும், ஒருவர் கையில் தாங்கும் எடை அல்ல.

பாக்ஸ் இறங்கியதும் சேஸிஸ் முகத்தைப் பாருங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல், ஓட்டை நீள்வட்டமாகியிருப்பது, தடித்த பெயின்ட், சேறு. பெயின்டையும் சேற்றையும் சுரண்டி இரும்போடு இரும்பு உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் நசுங்கி போல்ட் தானே தளரும். போல்ட், நட் எல்லாம் புதுசாக, தலையில் உள்ள கிரேடு பழையதைவிடக் குறையாமல் போடுங்கள். பொதுவாக 16 மி.மீ. போல்ட் 8.8 கிரேடு என்றால் 200 நியூட்டன் மீட்டர் அளவில், 10.9 என்றால் 280 முதல் 300 வரை. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

இனி, புது பாக்ஸையும் கெடுக்கிற இடம்: நடுப்புள்ளி. இந்தப் பாக்ஸ்களில் பற்கள் நடுவில் மட்டும் நெருக்கமாகவும், இருபுறமும் போகப் போகச் சற்றுத் தளர்வாகவும் பொருந்தும்படி செய்திருப்பார்கள். வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் அந்த நெருக்கமான புள்ளியில் நிற்க வேண்டும். முக்கால் சுற்று தள்ளி நின்றால், புத்தம் புது பாக்ஸிலும் ஆட்டம் இருக்கும். 'புது பாக்ஸ் போட்டும் அப்படியே இருக்கிறது' என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பின்னால் சொல்லும் லிமிட் வால்வு தானே அளவு பிடிக்கும் வகை என்றால், மாட்டும்முன் முனைவரை திருப்பாமல் குறிகளை வைத்தே நடுவைப் பிடியுங்கள். மற்ற வகையில் மாட்டும்முன் இன்புட் ஷாஃப்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்பிச் சுற்றை எண்ணுங்கள். ஐந்து சுற்று வந்தால் இரண்டரையில் நிறுத்துங்கள். நடுவில் ஷாஃப்டிலும் ஹவுசிங்கிலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் வரும். செக்டர் ஷாஃப்டின் முனைக் கோடும் டிராப் ஆர்மின் கோடும் ஒன்றாக வரும்படி ஆர்மை ஏற்றுங்கள்.

இப்போது சக்கரமும் நேர், பாக்ஸும் நடுவில், ஆனால் டிராக் லிங்க்கின் பால் ஓட்டையில் இறங்கவில்லை என்றால், ஆர்மை ஒரு பல் மாற்றிப் போடாதீர்கள். டிராக் லிங்க்கின் கிளாம்பைத் தளர்த்தி நீளத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பொருத்த வேண்டும். நீளம் வெகுவாக மாற்ற வேண்டியிருந்தால் முன் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் தள்ளியிருக்கிறதா என்று இருபுறமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். எல்லாம் முடிந்தபின் ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி நேராக மாட்டுங்கள். இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் தொடாதவரை, அவை முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவான டோ-இன் மாறாது. பாக்ஸ் மாற்றினாலே அலைன்மென்ட் கட்டாயம் என்பது சரியல்ல.

ஆயில் விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பழைய பாக்ஸிலும் பம்ப்பிலும் தேய்ந்த இரும்புத் துகள் பாட்டிலிலும் ஹோஸிலும் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் புது பாக்ஸை இணைத்தால் அத்தனையும் நேரே வால்வுக்குள் போகும். பாட்டிலைக் கழற்றிக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, ரிட்டர்ன் ஹோஸின் முனையை ஒரு டின்னில் விட்டு, முன் சக்கரம் தூக்கிய நிலையில் இன்ஜினைச் சில விநாடிகள் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, பாட்டில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே வாருங்கள். பம்ப்பிலிருந்து பாக்ஸுக்கு வரும் பிரஷர் ஹோஸை இணைக்கும்முன்பே தனியாகக் கழற்றிக் கழுவிவிடுங்கள். பழைய ஆயிலில் காந்தம் விட்டுப் பாருங்கள்; பளபளவென்று தூள் ஒட்டினால் பம்ப்பையும் சோதித்தாக வேண்டும். உள்ரப்பர் உரிந்த ஹோஸை மாற்றிவிடுங்கள். ஆயில் பவர் ஸ்டீயரிங்குக்கான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்); இன்ஜின் ஆயில், பேக்ஹோ ஆயில் எதையும் கலக்காதீர்கள். கழுவவும் நிரப்பவும் சேர்த்து ஆறேழு லிட்டர் கையில் இருக்கட்டும்.

காற்று எடுப்பதற்கு, இன்ஜின் அணைத்த நிலையில் இருபுறமும் நாலைந்து முறை மெதுவாகத் திருப்புங்கள், பாட்டிலில் அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். பிறகு ஐடிலில் அதையே செய்யுங்கள். நுரை நிற்க வேண்டும். இன்ஜினை அணைக்கும்போது பாட்டிலில் ஆயில் 1 அல்லது 2 செ.மீ.க்கு மேல் எழும்பினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. கடைசி முனையில் வீலை ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். பம்ப் சூடேறிப் போகும்.

காற்று எடுக்கும் இந்த வேலைக்கு முன்பே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்ஸிலில் இருபுறமும் ஸ்டாப்பர் போல்ட் இருக்கிறது. சக்கரம் அதைத் தொடுவதற்கு ஏறக்குறைய 3 மி.மீ. முன்னால் பாக்ஸுக்குள் உள்ள லிமிட் வால்வு திறந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சில பாக்ஸ்களில் இந்த வால்வு, முதல் முறை கடைசிவரை திருப்பும்போது தானே அளவு பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் வெளியிலிருந்து ஸ்க்ரூவால் வைக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதை பாக்ஸோடு வரும் தாளில் பாருங்கள். தானே பிடிக்கும் வகையில், ஸ்டாப்பர் போல்ட் தப்பாக இருக்கும்போது முதல் முறை திருப்பிவிட்டால், அந்தத் தப்பான அளவே பதிந்துவிடும். அதனால் டயர் பட்டையிலோ டிராக் லிங்க்கிலோ உரசாத அளவுக்கு ஸ்டாப்பர் போல்ட்டை முதலில் வைத்து, லாக் நட் இறுக்கிய பிறகே முழு லாக் திருப்புங்கள். லிமிட் வால்வு சரியாகத் திறக்காத வண்டி யூ-டர்னில் 'கீச்' என்று கத்தும், ஹோஸ் வெடிக்கும், நாளடைவில் டிராக் லிங்க் வளையும்.

ஸ்பிளிட் பின் எல்லாம் புதுசு. பழையதை நிமிர்த்திப் போடும் பழக்கம் மற்ற இடத்தில் இருக்கட்டும், ஸ்டீயரிங்கில் வேண்டாம். முதலில் காலி வண்டியாக, போக்குவரத்து இல்லாத ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, வளைவுக்குப் பின் வீல் தானாக நடுவுக்கு வருகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வந்து நின்றதும் மவுண்டிங் போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். முதல் 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. போல்ட் தலைக்கும் சேஸிஸுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், டிரைவரே தினமும் காலையில் தண்ணீர், ஆயில் பார்க்கும்போது அதையும் பார்த்துவிடலாம். கோடு விலகியிருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.